ஆமத்தூருக்குப் போன ரேடியோ

இல்லண்ணாச்சி, காப்பியெல்லாம் வேண்டாம். சாவுக்குத் துட்டி கேக்க வந்தவனுக்கு எதுக்கு உபசாரம். என்னையத் தெரியலையா? வெள்ளைத்துரை. விருதுநகர் பஜார்ல ரேடியோக் கடை... ஆமா, அதே ஆளுதான். வேட்டி கட்டியிருக்கேன்ல, அதான் ஒங்களுக்குப் பிடிபடல. கடையில பேண்ட்டுதான் போடணும்பாக.

பருத்தி வண்டிக்காரரு ஒருத்தரு வந்து ஒங்க பேரச் சொல்லித்தான் சொன்னாரு. ஆமத்தூருல சங்கிலிமுத்து சம்சாரம் கரண்ட்டு அடிச்சுப் போயிருச்சாம், ரேடியோவத் தொட்டுச்சாம்னாரு. பாலம்மா மதினியான்னு கேட்டுட்டு அங்கனயே ஒக்காந்துட்டேன். மறுநாளே வந்திருக்கணும். பஸ்ல ஏறுனேன், பொறப்படுறதுக்குள்ள எறங்கிட்டேன். அதுக்கப்புறமும் ஒருமட்டம் அப்படித்தான் செஞ்சேன்.

நீங்க என்ன செய்வீக அண்ணாச்சி? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தவகள, ஏ பாலு, பாட்டு வையின்னு கூப்பிட்டீக. யாருதான் கூப்பிட மாட்டாக? ஈரக் கையின்னு ஊர்ல சொல்றாக, ஆமா, நானும் கேட்டேன். வயரிங்ல கோளாறுன்னு சொல்றாகளா? அதெல்லாம் விடுங்க. நான்தான் அவளக் கொன்னுட்டேன்னு நீங்க ஒங்களையே சொல்லிக்கிடாதீக. இருங்க, எங்க கடை சங்கதி கொஞ்சம் சொல்றேன். அது எதுக்கு இப்பன்னா, கேளுங்களேன்.

நான் வேலைக்குச் சேந்தப்போ எங்க கம்பெனிக்கு மதுர, சாத்தூரு, கோயில்பட்டின்னு எங்கிட்டுப் பாத்தாலும் கடை. தீவாளி சீசன் முடிஞ்சு லோடெல்லாம் போய்ச் சேந்ததும் சிவகாசி பட்டாசு மொதலாளிமாரு காரு எங்க வாசல்லதான் வந்து நிக்கும். அந்தப் பெரிய ரேடியோப் பொட்டிய வீட்டுக்கு அனுப்பிரும்பாக, போயிருவாக. பெறவு இந்த டிரான்சிஸ்டரு வந்துச்சுல்ல. கரண்ட்டு வேண்டாம், கக்கத்துல இடுக்கிக்கிட்டு வயக்காட்டுக்கும் போகலாம். எங்க மொதலாளி, அது வெளையாட்டுச் சாமான், ஒரு வருசம் ஓடாதுன்னுட்டாரு. சனமெல்லாம் எதுத்த கடைக்குப் போயிருச்சு. கோயில்பட்டிக் கடைய மூடுனாக. அடுத்து சாத்தூரு. ஊர்க்காவலன்னு ஒரு மெக்கானிக்கு இருந்தாரு, அவரையும் வேலையவிட்டு அனுப்பிட்டாக. காலையில கடையத் தொறந்து பொட்டியெல்லாம் தொடைப்பேன். மத்தியானமும் அதையே தொடைப்பேன். சும்மா ஒக்காந்திருந்தா அடுத்தது நாமதான்னு ஒரு பயம்.

அப்பத்தான் நீங்க ரெண்டு பேரும் வந்தீக. மதினி அந்த மரப்பொட்டியத்தான் கை காட்டுனாக. முன்னால பச்சையா வெளக்கு எரியும்ல, அதப் பாத்துட்டு, இதுவே இருக்கட்டும்னாக. மொளகா வித்த காசு பூராவும் இதுக்கேவான்னு நீங்க கேட்டீக. அவுகளுக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. வேற பொட்டியக் காட்டியிருக்கலாம் அண்ணாச்சி. காட்டல. அது சாத்தூருக் கடைய மூடுனப்போ வந்த சரக்கு. யாரு தலையிலயும் கட்ட முடியல. இத மொதல்ல வித்துத் தள்ளுலேன்னு மேனேஜரு தெனமும் நச்சரிப்பாரு.

ஸ்டேசன் மாத்துற திருகு அதுல இல்ல. வண்டியில வந்தப்போ ஒடைஞ்சிருச்சு. இரும்புக் காம்பு மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கும். மதுர ஹெட் ஆபீசுக்குச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், அங்க சாமான் குடுக்கவும் ஆளு இல்ல. இது என்ன தம்பி மொட்டையா இருக்குன்னு மதினி கேட்டாக. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா? அடுத்த வாரம் வந்துரும், நானே கொண்டாந்து மாட்டித் தாரேன், அதுவரைக்கும் துணியச் சுத்தித் திருப்புங்கன்னேன். துணி எதுக்குன்னாக. கையில துரு ஒட்டும் மதினின்னேன்.

துரு இல்ல அண்ணாச்சி.

அந்த மாதிரிப் பொட்டியில உள்ள இருக்கிற தகட்டுலயே கரண்ட்டு ஓடும். காம்பு அந்தத் தகட்டோட சேந்தது. மேல பிளாஸ்டிக்குத் திருகு மாட்டியிருந்தா ஈரக் கையோட தொட்டாலும் ஒண்ணும் செய்யாது. திருகு இல்லாம தொட்டா, கரண்ட்டுக் கம்பியத் தொட்ட மாதிரிதான். எனக்குத் தெரியும். தொடைக்கிறப்போ என் கையிலயே சுள்ளுன்னு அடிச்சிருக்கு. காஞ்ச கை, கால்ல செருப்பு, தப்பிச்சேன். கரண்ட்டு அடிக்கும்னு சொன்னா நீங்க வாங்குவீகளா? அதான் துருன்னேன்.

தெனமும் துணியச் சுத்தித்தான் திருப்புவாகளா? அந்தத் துணிய ஆணியில மாட்டி வச்சிருப்பாகளா... நான் சொன்னத அம்புட்டு ஒழுங்காக் கேட்டிருக்காக. அன்னைக்கு அவசரத்துல, துருதான, ஒட்டுனா ஒட்டிட்டுப் போகுதுன்னு நெனச்சிருப்பாக.

எந்திரிக்காதீக அண்ணாச்சி. அடிக்கணும்னா அடிச்சுக்கோங்க, ஆனா மிச்சத்தையும் கேட்டுட்டு அடிங்க.

இன்னைக்குக் காலையில மொதலாளி மகன் மதுரையிலருந்து காருல வந்தாரு. கரண்ட்டு ஆபீசுலருந்து நாளைக்கு இங்க வந்து பாக்கப் போறாகளாம். அவருக்கு யாரோ சொல்லிருக்காக. அதுக்குள்ள அந்தப் பொட்டிய எடுத்துட்டு வந்துரு, பதிலுக்குப் புது டிரான்சிஸ்டரு ஒண்ணக் குடுத்துரு, பட்டிக்காட்டு ஆளு, சந்தோசமா வாங்கிக்கிடுவான்னாரு. நான் சரின்னேன். மாட்டேன்னு சொல்லல அண்ணாச்சி, சரின்னுதான் சொன்னேன். இந்தா, பைக்குள்ள இருக்கு பாருங்க. பொண்டாட்டி செத்த வீட்டுக்குப் பாட்டுப் பொட்டியத் தூக்கிட்டு வந்திருக்கேன்.

பழச என்கிட்டக் குடுத்துராதீக. யாரு கேட்டாலும் குடுக்காதீக. ஆபீசரு வந்தா அந்தக் காம்பக் காட்டுங்க. வித்தவன் பேரு வெள்ளைத்துரை, துருன்னு பொய் சொல்லி வித்தான்னு சொல்லுங்க. அவரு கேட்டா நானும் அதையேதான் சொல்லுவேன்.

வேலையா? அது போயிரும். நான் பொட்டி இல்லாமப் போய் நின்னா சாயங்காலத்துக்குள்ள வேற ஒரு ஆள அனுப்புவாக. நல்லாப் பேசுவான். மதினி பேரச் சொல்லி அழுவான். நம்பிராதீக அண்ணாச்சி. மொதல்ல நல்லா அழுதுட்டு, பெறவு பொட்டியக் கேளுன்னுதான் என்னையும் சொல்லி அனுப்புனாக.