ஓர வரிசைகள்

காலையில் எழுந்ததும் முதலில் டம்ளரைக் கழுவுவேன். பிறகு பல் தேய்ப்பேன். பிறகு சமையல் மேடையில் இருக்கும் கிண்ணங்களைத் திறந்து புழுக்களுக்கு இலை வைப்பேன். கிண்ணத்துக்கு ஒரு புழு. இரண்டு போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். தொட்டால் பச்சையாகக் கக்கும். அந்த நாற்றம் விரலை விட்டுப் போகாது. அதே விரலால்தான் சாப்பிடுகிறேன்.

பூச்சி ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. அங்கே எறும்புத் தொல்லை என்று கிண்ணங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "கல்யாணம் பண்ணிக்கிட்டது என்னையா, இதுங்களையா?" என்பாள் மனைவி. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சமையலறைக்குள் வருவாள்.

அவளைக் கொன்றது பருத்திக்கு அடிக்கும் மருந்து. அன்று பக்கத்து வயலில் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜன்னல் திறந்திருந்தது. அந்த மருந்து இனி யாருக்கும் பயன்படக் கூடாது என்று முடிவு செய்தேன். பயன்படாததை யார் அடிப்பார்கள்?

மருந்தில் நனைத்த இலையைத் தின்றால் புழுக்கள் கறுத்துக் கூழாகும். ஒன்றிரண்டு சாகாது. தாங்கும் தன்மை அவற்றுக்குப் பிறவியிலேயே உண்டு. அவற்றை அந்துப்பூச்சியாகும்வரை வளர்த்து, தங்களுக்குள் சேரவிட்டேன். பிள்ளைகளுக்கு மருந்தைக் கூட்டினேன். பேரப்பிள்ளைகள் அதைத் தின்று கொழுத்தன. டப்பாவில் கொண்டுபோய் வயல்களில் திறந்துவிட்டேன்.

ஒரு இடைஞ்சல் இருந்தது. வயலோரம் சில வரிசைகளுக்கு மருந்தடிக்காமல் விடுவார்கள். அங்கே பிழைக்கும் சாதாரணப் பூச்சிகள் என் பூச்சிகளோடு சேர்ந்தால், பிறப்பவை மருந்துக்குச் செத்துவிடும். பக்கத்து வயல்காரரிடம் போனேன்.

"ஓரத்தையும் அடிச்சிடுங்கண்ணே. எதுக்குப் புழுவுக்குப் பந்தி போடுறீங்க?"

அவர் சிரித்தார். "படிச்சவன் நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், தம்பி."

அவரைப் பார்த்து எல்லோரும் அடித்தார்கள்.

அடுத்த விளைச்சலில் காய்க்குக் காய் புழு. பிதுக்கினால் மஞ்சள் சாறு. நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு மருந்தைக் கலந்து அடித்தார்கள். அந்தப் பக்கத்து வயல் அண்ணனின் மகள் வரப்பிலேயே நுரை தள்ளி விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அந்த நுரையைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. கலந்தது நானில்லை.

எல்லாம் மனைவிக்காகத்தான் செய்தேன். "இந்த மருந்தே உலகத்துல இருக்கக் கூடாது" என்பதுதான் அவளுடைய கடைசி வார்த்தை என்று சொன்னேன். நீங்களும் வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டீர்கள். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

அவள் செத்த அன்று, ஆய்வுக்கூட வேலைக்காக, மேடையில் இலைகளை மருந்தில் நனைத்துக்கொண்டிருந்தேன். மருந்தை அளக்கத் தனியாக எதுவும் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. அவள் வெயிலிலிருந்து வந்தாள், மூக்கைப் பொத்தியபடி. ஏதோ கேட்டாள். நான் நிமிராமலே "ம்" என்றேன். அவள் குடித்தாள். அவள் கேட்டது இது:

"ஏங்க, இது நாம தண்ணி குடிக்கிற டம்ளர்தானே?"