மாமன் கண்ணு

போயிடுச்சா? அது செவப்பு பஸ்ஸா? அட, நெய்வேலி பஸ்ஸு அதானுங்களே! நான் பச்சைன்னு நெனச்சி, புள்ளய மடியில போட்டுகினு சும்மா குந்திகினு இருந்துட்டேன். இல்லீங்க, குருடு இல்ல. ஊசியில நூலு கோப்பேன். இந்தச் செவப்பும் பச்சையும் மட்டும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியும்.

மொதல்ல எனக்கே தெரியாதுங்க. சின்னதுல மொளகா பறிக்க வுட்டா, பழத்தோட காயையும் சேத்துப் பறிச்சிடுவேன். எங்கம்மா வெளக்கமாத்த எடுக்கும். எந்தம்பி சிங்காரவேலு புத்தி அப்படியே இவனுக்கு வந்திருக்குதுன்னு திட்டும். புத்தின்னுதான் நெனச்சிகினு இருந்தோம்.

அப்பறம் சுரங்கத்துக்கு நெலம் போச்சு. வேலைக்குக் கூப்புட்டாங்க. அந்தச் சிங்காரவேலு மாமன் எனக்கு முந்தியே மைன்ஸ்ல பர்மனண்ட்டு. கண்ணு டெஸ்ட்டுல என்னா கேப்பாங்க மாமான்னு போயி நின்னேன். ஒண்ணுமில்ல மாப்ள, எழுத்து படிக்கச் சொல்லுவாங்கன்னாரு. போனா டாக்டரு ஒரு பொஸ்தகத்த நீட்டறாரு. பூரா புள்ளி. உள்ள இருக்கற நம்பரச் சொல்லுன்றாரு. எங்கங்க இருக்குது நம்பரு?

டாக்டரு நல்ல மனுசன், குந்த வச்சி சொன்னாரு. ஆத்தா அப்பன் ஒடம்புல இருக்கறத நகல் எடுத்துத்தான் புள்ள உண்டாவுதாம். ரிஜிஸ்தர் ஆபீசுல பத்திரத்துக்கு நகல் எடுக்கறாங்கல்ல, அப்படி. மூலத்துல பிழை இருந்தா நகல்லயும் அதே பிழை. எனக்கு இது ஆத்தா வழியா வந்ததாம். பொம்பளைக்கு அனேகமா வெளிய தெரியாதாம், ஆம்பளப் புள்ள கண்ணுல வந்து நிக்குதாம். ஒங்க மாமனுக்கு இருக்குதான்னு கேட்டாரு. ஐயோ இல்லீங்க, அவரு டெஸ்ட்டுல பாஸானவருங்கன்னு நானே சாட்சி சொல்லிட்டு வந்தேன்.

வூட்டுல சொன்னா எம்பொண்டாட்டி கனகம் சிரிக்குது. ஆமாங்க, அந்த மாமன் பொண்ணுதான். ஐய, அந்தப் புள்ளி பொஸ்தகமா, எங்கப்பா யாராண்டயோ வாங்கியாந்து ஒரு மாசம் வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டாரே, நாந்தான் பக்கத்தப் பெரட்டிப் பெரட்டிக் கேட்டேன்னுது.

வயிறு எரிஞ்சி போச்சுங்க. பொண்ணக் குடுத்த மனுசனுக்கு ஒரு வார்த்த குடுக்க மனசு வரலியே! எனக்குச் சொன்னா அவரு குட்டு ஒடஞ்சிடுமாம். நெலமும் போச்சு, அந்த வேலையும் கெடைக்கல, இப்ப காண்ட்ராக்ட்ல மண்ணு அள்றேன். மாமன் மேல பெட்டிசன் எழுதி மூணு வாரமா சட்டப் பையிலதான் கெடக்குது.

இன்னிக்கா? இல்லீங்க, ஆபீசுக்கு இல்ல. மாமன் குவார்ட்டர்ஸுக்குத்தான். நேத்து இந்தப் பய கை நெறைய மொளகா பறிச்சாந்து, பழம்பா, பழம்னு நீட்டனான். நானும் பழம்னுதான் வாங்கிக்கினேன். கனகம் பாத்துட்டு வாயப் பொத்திகினு அழுவுது. அத்தினியும் பச்சக் காயி.

அந்தப் புள்ளி பொஸ்தகத்து நம்பருங்க மாமனுக்கு இன்னும் மறந்திருக்காதுங்களே? இவனுக்காச்சும் சொல்லிக் குடுக்கச் சொல்லணும்.

தோ, தூசி கெளம்புது. செவப்பான்னு பாத்துச் சொல்லுங்க.