ஜெபக் குறிப்பு

எனக்குச் சத்தமாக ஜெபிக்க வராது. அதனால் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் என் முறை வந்தால், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒரு ஜெபக் குறிப்பு மட்டும் சொல்வேன். பெரும்பாலும் பரீட்சைக்காக.

இரண்டு வாரத்துக்கு முன் கூட்டம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்து ஹெப்பாளில் எங்கள் வீட்டில் நடந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: "ஷெர்லி அக்காவுக்காக ஜெபிச்சுக்கோங்க. என்னன்னு நான் சொல்லக்கூடாது. கர்த்தர் அவங்கள மன்னிக்கணும்."

ஜெபக் குறிப்புக்கு விளக்கம் கேட்பது எங்களிடம் வழக்கமில்லை. எல்லோரும் கண்ணை மூடினார்கள். ரயான் அண்ணனின் அம்மா மட்டும் மூடவில்லை. ஷெர்லி அக்காவை மருமகளாக்கிக்கொள்ள இருந்தவர். நானும் மூடவில்லை, அதனால்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு முன் சபையில் அதை அறிவிக்கும் ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். ரயான் அண்ணனுக்கும் ஷெர்லி அக்காவுக்கும் இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது வாசிக்கவில்லை; கல்யாணம் நின்றுவிட்டது.

ஷெர்லி அக்கா எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர். வசனப் போட்டியில், நாவைப் பற்றி நீதிமொழிகளில் இருக்கும் வசனங்கள் இருபதைத் தப்பில்லாமல் சொன்னேன். அவர் மைக்கில் சிரித்துக்கொண்டே, "கிளி மாதிரி ஒப்பிக்கிறா. அர்த்தம் தெரியுமான்னு கேளுங்க" என்றார். ஹாலே சிரித்தது. அன்றிலிருந்து பையன்கள் என்னைப் பார்த்தால் கன்னடத்தில் "கிணி, மாத்தாடு" என்பார்கள். கிளியே, பேசு என்று. ஸ்கூல் வரைக்கும் அது வந்துவிட்டது. அவருக்கு அது ஞாபகம்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நிம்மி, நான் என்ன தப்பு பண்ணேன்னு நீயாவது சொல்லும்மா. எனக்கே தெரியல."

"நான் ஒண்ணும் சொல்லலயே அக்கா. ஜெபம் பண்ணத்தான் சொன்னேன்."

அதில் பொய் இல்லை. அம்மா போட்ட டீயைக் குடிக்காமல் அக்கா எழுந்து போனார்.

மறுநாள் அவருடைய ஸ்கூட்டி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றது. போலீஸ் இன்னும் தேடுகிறார்கள்.

இன்றைக்கு அவர் வீட்டில் ஜெபம். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்குத்தான் முதல்ல அவளுக்காக ஜெபிக்கணும்னு பாரம் வந்துச்சு. நீ ஜெபம் பண்ணும்மா."

பண்ணினேன், சத்தமாக. ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. எல்லோரும் அழுதார்கள்.

நாளைக்குப் போலீஸ் எங்கள் வீட்டுக்கும் வருவார்களாம். கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஷெர்லி அக்கா எந்தத் தப்பும் செய்ததாக எனக்குத் தெரியாது. ஆனால் நான் கிளி இல்லை. அர்த்தம் தெரிந்துதான் சொன்னேன்.