டிவியில் பார்த்த சாவு

"டிவியில சாவைப் பாத்தாலும் தலை முழுகவேணுமோ மச்சான்?"

1985 மே மாத முடிவில், சுவிஸின் பேர்ண் நகரில் ஒரு காலை டிராமில், எனக்கு முன்னால் இருந்த தமிழ் இளைஞன் பக்கத்திலிருந்த நண்பனிடம் கேட்டான்.

"ஆரின்ர சாவு?"

"நேற்று ஐரோப்பியக் கோப்பை உதைபந்தாட்ட இறுதியாட்டமெல்லோ. நான் வேலை செய்யிற ரெஸ்டோரண்ட் குசினியில சமைக்கிற இத்தாலியன்ர அறையில இருந்து பாத்தனான். ஆட்டம் தொடங்க முந்தியே சனம் நெரிபட்டு, மதில் இடிஞ்சு, முப்பது பேருக்கு மேல செத்துப்போச்சினம்."

"ஐயோ! அப்ப ஆட்டத்தை நிப்பாட்டிப்போட்டாங்களோ?"

"இல்லை. பிரேதங்களை வெளியில கிடத்திப்போட்டு விளையாடினவங்கள்."

"என்னடா கதைக்கிறாய்? ஒரு செத்தவீடெண்டா நாங்கள் அயலிலயே அடுப்பு மூட்டமாட்டம். நீயாவது எழும்பி வந்திருக்கலாமே?"

"வரேல்லை மச்சான். அவன்ர நாட்டு அணி கோல் அடிக்க இத்தாலியன் துள்ளினான். நானும் எழும்பி நிண்டு கை தட்டிப்போட்டன்."

டிராம் இரண்டு தரிப்பிடங்களைத் தாண்டியது. பிறகு நண்பன் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மெல்லிய குரலில் கேட்டான்.

"கடைசியில ஆர் வெண்டது?"