சிட்டுவின் கடிதங்கள் போகாததற்குக் காரணம்

மின்னஞ்சல் போகவில்லை என்று யாராவது வந்து நின்றால் நான் முதலில் கம்பியைத்தான் பார்ப்பேன். பத்துப் பேரில் ஏழு பேருக்குக் கம்பிதான் கழன்றிருக்கும். பதினெட்டு வருடமாக ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கிறேன். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். பழுது பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் வரும்.

என் தங்கையை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவோம். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தாள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து அவள் பார்வையைக் கொண்டுபோயிற்று. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். மூன்றாம் மாடியில் நானும் அவளும்தான். "கூடப் பிறந்தா இப்படி ஒரு அண்ணன் பிறக்கணும்" என்று கீழ்வீட்டு அம்மா படிக்கட்டில் நின்று எல்லோரிடமும் சொல்வார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

மின்னஞ்சல் புரோகிராம் ஒன்றை அவளுக்குப் போட்டுக்கொடுத்ததும் நான்தான். அதில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. ஒவ்வொரு விசைக்கும் ஒரு வேலை. திரையில் வருவதை ஒரு குரல் வாசித்துக் காட்டும். முதல் நாள் தமிழெல்லாம் கேள்விக்குறியாக வந்தது. அந்தக் குரல் "கேள்விக்குறி, கேள்விக்குறி" என்று சளைக்காமல் வாசிக்க, சிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எழுத்துக் குறியீட்டை மாற்றினேன், சரியாயிற்று. கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. சிட்டு என்றே வைத்தேன்.

ஆறு மாதத்தில் அவள் வேறு ஊரில் உள்ள ஒரு பயிற்சி மையத்துக்கு எழுதியிருக்கிறாள். பார்வையற்றவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி, தங்க அறை, பிறகு வேலை. இடம் இருக்கிறது என்று பதில் வந்ததைச் சாப்பிடும்போது சொன்னாள். "நான் பழகிக்குவேன் அண்ணா. நீயும் உன் வாழ்க்கையைப் பாரு."

என் வாழ்க்கை என்று அவள் எதைச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், பயந்துபோனேன். அவள் போய்விட்டால் நான் அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கும் ஓர் ஆள், அவ்வளவுதான்.

அந்தப் புரோகிராம் கடிதத்தைத் தானாக அனுப்பாது. எழுதியதை வாங்கி இன்னொரு சின்னப் புரோகிராமிடம் கொடுக்கும்; அதுதான் வெளியே அனுப்பும். பலருக்கு இது தெரியாது. அந்தச் சின்னதின் இடத்தில் நான் எழுதிய ஒன்றை வைத்தேன். சிட்டு விசையை அழுத்துவாள். "அனுப்பப்பட்டது" என்று குரல் சொல்லும். கடிதம் என்னிடம் வரும். வெளியிலிருந்து வருவதும் முதலில் என்னிடம்தான் வரும். மையத்துக்கு அவள் பெயரில், வர இயலவில்லை என்று நானே எழுதிவிட்டேன்.

பதிலே வராவிட்டால் அவள் வாடிப்போவாள் அல்லவா? அதனால் பதிலும் எழுதினேன். மையத்தின் பெயரில், இந்த வருடம் இடம் நிரம்பிவிட்டது என்று. அச்சகத் தோழியின் பெயரில் கொஞ்சம் நீளமாக, பாசமாக. அந்தத் தோழி எப்போதும் அண்ணன் சொல்வதைக் கேள் என்பாள். கல்லூரியில் மதியச் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதுவேன்; அங்கிருந்தபடியே அவள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, அதிலிருந்தே அவளுக்கு அனுப்பிவிடுவேன். மூன்று வருடத்தில் அவள் எழுதியவை இருநூற்றுப் பதினான்கு. ஒன்றையும் படிக்காமல் விட்டதில்லை.

பிற்பாடு எழுதியவற்றில், அண்ணன் வெளியே பூட்டிவிட்டுப் போகிறார் என்று இருக்கும். பூட்டினேன்தான். படிக்கட்டு செங்குத்து. அவள் போன் பழுதானபோது அதைச் சரிசெய்ய நான் அவசரப்படவில்லை. கடிதம் எங்கேயோ நிற்கிறது அண்ணா என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து கம்பியைப் பார்ப்பேன், அனுப்புவதைத் தடுக்கும் பூட்டுக் கோப்பு என்று ஒன்று தேங்கியிருந்தால் அழிப்பேன், திரும்பத் தொடங்கி வைப்பேன். "இப்ப போகும்" என்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்த நேரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒவ்வொரு மின்னஞ்சலின் தலையிலும் சில வரிகள் உண்டு. எந்தக் கம்ப்யூட்டரில் கிளம்பியது, எந்த வழியாக வந்தது என்ற விவரம், தபால் முத்திரை மாதிரி. அவளுக்குத் தொல்லை வேண்டாம் என்று அவற்றை மறைத்து வைத்திருந்தேன். ஒரே ஒரு விசை அதைத் திறந்து காட்டும். அந்த விசையை நீக்க மறந்துவிட்டேன். இத்தனை வருட அனுபவத்தில் செய்யக்கூடாத தவறு. நுணலும் தன் வாயால் கெடும். போன செவ்வாய்க்கிழமை அவள் கை தவறி அதை அழுத்தியிருக்கிறாள். தோழியின் கடிதத்தை வாசித்த குரல், அது சிட்டு என்ற கம்ப்யூட்டரிலிருந்தே கிளம்பியது என்று வாசித்தது. பிழை திருத்தியவள். அன்று பகல் முழுக்க ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டிருக்கிறாள்.

நான் வந்ததும் எத்தனை கடிதம் என்று கேட்டாள். சொன்னேன். அழவில்லை, கத்தவில்லை. "கதவைத் திறந்து விடு அண்ணா. போதும்" என்றாள்.

மறுநாள் கல்லூரி வேலையாக நான் இரண்டு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. வந்து பேசிக்கொள்ளலாம் என்றேன். சாப்பாடு, தண்ணீர், மாத்திரை எல்லாம் மேசையில் வரிசையாக வைத்தேன். இணைப்புக் கம்பியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். தங்கச்சிக்கு மனசு சரியில்லை, கத்தினால் கண்டுகொள்ளாதீர்கள் என்று கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லிவைத்தேன். அவர் நான் சொன்னபடியே இருந்திருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே தீ விபத்து வந்தால் இறங்க ஓர் இரும்பு ஏணி இருந்தது. சின்ன வயதில் இருவரும் அதில் இறங்கி ஓடியிருக்கிறோம். துருப்பிடித்துவிட்டது என்று போன வருடம் அறுத்து எடுத்துப் போனார்கள். என்ன சத்தம் என்று சிட்டு கேட்டபோது, குழாய் மாற்றுகிறார்கள் என்று சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை காலை நான் செருப்பைப் போடும்போது அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"பின்பக்க ஏணி இன்னும் இருக்குல்ல அண்ணா?"

"இருக்கு" என்றேன்.

பிறகு வெளியே வந்து பூட்டினேன். எதற்காக அப்படிச் சொன்னாய் என்று, அந்த ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தி உங்கள் போலீஸ்காரர்கள் மூன்று முறை கேட்டுவிட்டார்கள். அவள் அதற்குள் எவ்வளவோ இழந்திருந்தாள், ஐயா. ஏணியும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.