தானாகத் திறக்கும் கதவு

மஞ்சூர் பஸ்ஸில் தூங்குவதுபோல நடித்தேன்; ஒட்டுக்கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். தேயிலை நிலத்தை ஷாப்பிங் மாலுக்கு மாற்றுவது பற்றிய ஊர்க்கூட்டம் முடிந்து வந்த ஓர் ஆணும் பெண்ணும் முன்சீட்டில்.

"உங்க தோட்டம் நட்டநடுவுலங்க அக்கா. நீங்க குடுத்தாத்தான் மால் வரும்."

"காட்டெருமை தெனமும் அது வழியாத்தான தண்ணிக்குப் போகுது?"

"கண்ணாடிக் கதவு வச்சிருவாங்க. கிட்டப் போனாத் தானாத் தொறக்கும்."

"யார் போனாலுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "யார் போனாலுந்தானுங்க. ஆனா மாடிக்கு ஏறாதுங்க. எஸ்கலேட்டர்தான்."

"சும்மா நின்னாலே அது மேல கொண்டுபோய் விட்டுருமே! அப்புறம் தகரம் தட்டி எருமைய வெளிய முடுக்க என்னையத்தான் கூப்புடுவீங்க. தோட்டத்தத் தர மாட்டனுங்க."

அவர் என்ன பதில் சொல்வாரோ என்று காத்திருந்ததில் என் ஸ்டாப் போய்விட்டது.