நெத்தியில மூணு தையல்

இல்ல, நான் கேக்குறேன் சார்... புள்ளைக்கு அப்பன்னு ஒருத்தன் இருக்கானா இல்லையா? நெத்தில கட்டோட நான் வராந்தால உக்காந்திருக்கேன். உள்ள ஆளாளுக்கு மாத்தி மாத்திக் குழந்தையக் கொஞ்சுறாங்க. நேத்து பொறந்தது, இன்னும் என் கைல தரல! "நீங்க மறுபடியும் மயங்கி விழுந்துட்டா?"ங்குறா. யாரு? என் பொண்டாட்டி சார், சொந்தப் பொண்டாட்டி!

உக்காருங்க, உக்காருங்க. பக்கத்து ரூம்ல வலில கத்துறது உங்க வீட்லயா? வலி தெரியாம இருக்க முதுகுல போடுற ஊசி கேக்குறாங்களா? கேப்பாங்க, தலைப்பிரசவம்ல. வேணாம்னு சொல்லுங்க! நானும் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். வலியத் தாங்கினாத்தான் தாய்ப்பாசம் வரும், ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு புடிச்சுக்கும்... எங்க படிச்சேனா? செல்லுல வந்துச்சு சார். தொழிலா? டைல்ஸ் கடை. ஏன், டைல்ஸ் விக்கிறவன் பிரசவத்தப் பத்திப் பேசக்கூடாதா?

அவ காதுல வாங்கினாளா? வலி ஏற ஏற என் காலரப் புடிச்சா பாருங்க... கட்டிக்கிட்ட நாள்லேருந்து "என்னங்க"ன்னு கூப்பிட்டவ, "டேய், டாக்டரக் கூப்புடுறா"ங்குறா! மயக்க டாக்டரம்மா வந்தாங்க. அவளக் குனிஞ்சு உக்கார வச்சாங்க. அந்த ஊசி இருக்கே... ஐயய்யோ! அவளுக்கென்ன, முதுகுப் பக்கம், ஒண்ணும் தெரியாது. எனக்குல்ல தெரிஞ்சுது! கண்ணு இருட்டுச்சு. கட்டில் கம்பில நெத்தி... டங்!

அப்புறம் நடந்த அநியாயத்தக் கேளுங்க. அவளுக்கு வலி அடங்கிருச்சு. ஒரு குட்டித் தூக்கம் வேற! முக்கச் சொன்னப்ப முக்கினா, பெத்துட்டா. கால் மட்டும் கொஞ்ச நேரம் மரத்துக் கெடந்துச்சு. சாயங்காலம் நர்ஸ் கையப் புடிச்சு எந்திரிச்சு நடந்தா. நானு? படுத்துக் கெடக்கேன். நர்ஸ் கேக்குது, "எப்படிம்மா இருந்துச்சு, திருப்தியா?"ன்னு. இவ சொல்றா, "ரொம்பத் திருப்தி சிஸ்டர், அவரு விழுந்தது உள்பட"ன்னு!

இதுவா? மூணு தையல். வலியா... இல்ல, வலியெல்லாம் தெரியல. மரத்துப்போற ஊசி போட்டாங்கல்ல. மொதல்ல, "சின்னக் காயம், ஊசி எதுக்கு, அப்படியே தச்சுரலாம்"னாங்க. விடுவேனா? ஊசி போடாம கிட்ட வந்தீங்க, நடக்கறதே வேறன்னு கத்துன கத்துல கம்பவுண்டர் நூலக் கீழ போட்டுட்டாரு. வாசல்ல நின்ன மாமியா, "தலைவலியும் காய்ச்சலும்..."னு ஆரம்பிச்சாங்க. முடிக்குறதுக்குள்ள கையெடுத்துக் கும்புட்டுட்டேன்.

அது... என் விஷயம் வேற சார். மூணு தையல்னா சும்மாவா?

என்ன சிரிக்கிறீங்க? எங்க எந்திரிச்சுட்டீங்க? கதவத் தட்டாதீங்க, நர்ஸ் திட்டும்... என்னது, ஊசி போடச் சொல்லப் போறீங்களா? அட, இவ்வளவு நேரம் நான் என்னத்தச் சொன்னேன்!

சார்... சார்! அந்த டாக்டரம்மா ஊசிய வெளிய எடுக்கும்போது சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கங்க!